போர்த்துகீசியம் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம்: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சாவ் பாவுலோவில் காலை ஏழு மணி என்றால் நமக்கு மதியம் மூன்றரை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் ஆங்கிலம் படிக்க உட்காரும் பிரேசில்காரர்களுக்கு ஏழு வருடமாக இணையத்தில் பாடம் எடுக்கிறேன். போர்ச்சுகலிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் சிலர் வருகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. இப்போது நம்மூரிலிருந்து இந்த வேலைக்கு வரும் ஆசிரியர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டதால், என் நோட்டில் இருந்தவற்றை ஒழுங்கு செய்து இங்கே போடுகிறேன். மாணவர்கள் கேட்டதைத் தமிழாக்கியிருக்கிறேன், ஆசிரியர்கள் கேட்டது அப்படியே இருக்கிறது. பிறமொழிச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதி விஷயம் அப்போதே பிடிபடும்.

போர்த்துகீசியம் தெரிந்தவருக்கு ஆங்கிலம் சுலபமா, கஷ்டமா?

பெரிய வார்த்தைகள் சுலபம், சின்ன வார்த்தைகள் கஷ்டம். போர்த்துகீசியம் லத்தீனின் பிள்ளை. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பம் என்றாலும், 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக லத்தீன் வார்த்தைகள் அதற்குள் கூட்டம் கூட்டமாகப் புகுந்தன. அதனால் 'நசாவ்ங்' தெரிந்தவருக்கு 'நேஷன்' தெரியும், 'இன்ஃபொர்மசாவ்ங்' தெரிந்தவருக்கு 'இன்ஃபர்மேஷன்' தெரியும். 'சிதாஜி' 'சிட்டி' ஆகும், 'லிபெர்தாஜி' 'லிபர்ட்டி' ஆகும். இந்த இரண்டு வால்களை மாற்றக் கற்றுக்கொடுத்தாலே முதல் நாளில் நூற்றுக்கணக்கான வார்த்தைகள் கையில் இருக்கும்.

ஆனால் அதே ஆள் சமையலறைப் பேச்சில் தடுமாறுவார். 'கம் இன்' என்று வாயில் வராது, 'என்டர்' என்பார். 'கம் பேக்' வராது, 'ரிட்டர்ன்' வரும். 'புட் அப் வித்' என்றால் விழிப்பார், 'டாலரேட்' என்றால் சிரிப்பார். வீட்டில் குழந்தையிடம் பேசும்போதும் கோர்ட்டில் பேசுகிற மாதிரி இருக்கும். சின்னச் சின்ன வினைச்சொற்களோடு ஒட்டிவரும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' எல்லாவற்றுக்கும் தனியாக நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பள்ளியில் ஏழு வருடம் ஆங்கிலம் படித்தேன். 'டு பி' வினைச்சொல் தவிர ஒன்றும் தங்கவில்லையே, என் மண்டையில்தான் கோளாறா?

இல்லை. பிரேசிலில் இதை என்னிடம் சொல்லாத மாணவரே இல்லை. 'வேர்பு டு பி' என்பதும் 'தி புக் இஸ் ஆன் தி டேபிள்' என்பதும் அங்கே பள்ளி ஆங்கிலத்துக்கே அடையாளம் ஆகிவிட்டன. 2017இல் வந்த சட்டம் ஆறாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் வாரத்துக்கு ஓரிரு வகுப்பு, நிறைந்த வகுப்பறை, ஒவ்வொரு வருடமும் முதல் பாடத்திலிருந்தே மறுபடி ஆரம்பம் என்றால் பேச்சு எப்படி வரும்? பல்கலைக்கழகம் போக எழுதும் 'எனெம்' தேர்வில் அந்நிய மொழிக்கு ஐந்தே கேள்விகள். அதையும் ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ எழுதலாம். பத்தியைப் படித்து விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம்.

நீங்கள் படிக்கப் பழகியிருக்கிறீர்கள், கேட்கவும் பேசவும் பழகவில்லை, அவ்வளவுதான். அந்த ஏழு வருடம் வீணும் இல்லை. எழுத்தில் பார்த்தால் தெரிகிற வார்த்தைகள் உங்களிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைக் காதுக்கு மாற்ற வேண்டும்.

பிரேசில், போர்ச்சுகல், மொசாம்பிக் என்று பிரித்துப் பாடம் எடுக்க வேண்டுமா? ஒரே மொழிதானே?

எழுத்தில் கிட்டத்தட்ட ஒரே மொழி, வாயில் வேறு. போர்ச்சுகல்காரர்கள் உயிரொலிகளை விழுங்கிப் பேசுவார்கள். ஆங்கிலமும் அழுத்தம் இல்லாத இடத்தில் உயிரை விழுங்கும் மொழி என்பதால் அந்தத் தாளம் அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது. போதாததற்கு அங்கே வெளிநாட்டுப் படங்களுக்கு வசன வரிதான் போடுவார்கள், சின்ன வயதிலிருந்தே ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டிருக்கும். பிரேசில் தொலைக்காட்சியில் குரல் மாற்றிப் போடுவதுதான் வழக்கம். பிரேசில்காரர் ஒவ்வொரு உயிரையும் திறந்து, பாடுகிற மாதிரி சொல்வார். கேட்க அழகு, ஆங்கிலத்துக்கு மட்டும் கொஞ்சம் இடைஞ்சல்.

மொசாம்பிக் தனிக் கதை. சுற்றியுள்ள தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி எல்லாவற்றிலும் ஆங்கிலம் ஆட்சிமொழி. 1995இல் அந்த நாடு காமன்வெல்த்திலும் சேர்ந்தது. அங்கிருந்து வருகிறவர் வீட்டில் மக்குவாவோ சாங்கானாவோ பேசி, பள்ளியில் போர்த்துகீசியம் கற்று, மூன்றாவதாக ஆங்கிலத்துக்கு வந்தவராக இருக்கலாம். கீழே நான் சொல்கிற உச்சரிப்புச் சிக்கல்கள் பெரும்பாலும் பிரேசிலுக்கே பொருந்தும். இலக்கணச் சிக்கல்கள் எல்லோருக்கும் பொது.

'ஃபேஸ்புக்' என்று சொன்னால் வெளிநாட்டு நண்பர்கள் ஏன் புன்னகைக்கிறார்கள்? சரியாகத்தானே சொல்கிறேன்?

நீங்கள் சொல்வது 'ஃபேசிபுக்கி'. போர்த்துகீசியத்தில் வார்த்தை க், ட், ப் போன்ற வல்லினத்தில் முடியாது. அப்படி முடிகிற வார்த்தை வந்தால் பிரேசில்காரரின் நாக்கு தானாகவே ஒரு இகரத்தை ஒட்டிவிடும். 'பிக்னிக்' 'பிக்கினிக்கி' ஆகும், 'இன்டர்நெட்' 'இன்தெர்னெச்சி' ஆகும். நம் ஆசிரியர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்காது. நாம் 'பஸ்ஸு', 'கேட்டு', 'பாங்கு' என்று உகரம் ஒட்டுகிற அதே வேலைதான். அவர்கள் இகரம், நாம் உகரம்.

கண்ணாடி முன் நின்று 'கப்' என்று சொல்லி, உதட்டை மூடியபடியே மூன்று எண்ணுங்கள். திறந்தால்தான் இகரம் வெளியே வரும், திறக்காதீர்கள். அப்புறம் அடுத்த வார்த்தை உயிரில் தொடங்கினால் அதோடு ஒட்டிவிடுங்கள்: 'பிக் இட் அப்' என்பதை 'பி-கி-டப்' என்று. ஒட்டுகிற பழக்கம் வந்ததும் இகரத்துக்கு இடமே இருக்காது. இறந்தகால 'வொர்க்ட்', 'ஆஸ்க்ட்' போன்றவையும் இதே வழியில்தான் சரியாகும். 'வொர்க்கெட்' என்று இரண்டு அசையாகச் சொல்வதும் இதே பழக்கத்தால் வருவதுதான்.

'டீ' கேட்டால் 'சீ' என்று வருகிறது. இது என் தனிப்பட்ட குறையா?

உங்கள் ஊர்ப் பழக்கம். பிரேசிலின் பெரும்பகுதியில் இகரத்துக்கு முன் வரும் 'த்' 'ச்' ஆகிவிடும், 'த்' மென்மையாக வந்தால் 'ஜ்' ஆகிவிடும். என்னை மாணவர்கள் கூப்பிடுவதே 'சீச்சர்' என்றுதான். (நம்மூர்க் குழந்தைகள் 'டீச்சர்' என்று பெயர் மாதிரி கூப்பிடுவது போலவே கூப்பிடுகிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அந்த ஒரு இடத்தில் மட்டும் திருத்துவதில்லை.) முந்தைய பதிலில் சொன்ன இகரமும் இதோடு சேர்ந்தால் 'ஹாட் டாக்' என்பது 'ஹாச்சி டாகி' ஆகிவிடும்.

வடகிழக்குப் பிரேசிலில், ரெசிஃபி (அவர்கள் வாயில் 'ஹெசீஃபி') நகரத்துப் பக்கத்து மாணவர்களில் பலருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் பேச்சில் 'தி' 'தி'யாகவே இருக்கும். ஆகவே பயிற்சி கொடுப்பதற்கு முன் எந்த ஊர் என்று கேளுங்கள்.

'ரெட்' என்று சொன்னால் 'ஹெட்' என்று எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு 'ர' வரவே வராதா?

ரொனால்டினியோவை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர்ச் செய்தித்தாள்களில் 'ரொனால்டினியோ' என்று எழுதுகிற பெயரைப் பிரேசிலில் 'ஹொனாவ்ஜீன்யு' என்பார்கள். முதலில் வரும் 'ர' 'ஹ' ஆகிறது. அசை முடிவில் வரும் 'ல்' 'வ்' ஆகிறது. 'தி' 'ஜி' ஆகிறது. பிரேசில் உச்சரிப்பின் மூன்று விதிகள் ஒரே பெயரில் இருக்கின்றன. அதே விதிகளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்தால் 'ரைட்' 'ஹைட்' ஆகத்தான் செய்யும், 'ஸ்கூல்' 'ஸ்கூவ்' ஆகத்தான் செய்யும்.

இனி சந்தோஷமான செய்தி. சாவ் பாவுலோ மாநிலத்தின் உட்பகுதியில், பிரசிகாபா போன்ற ஊர்களில், அசை முடிவில் வரும் 'ர்'-ஐ நாக்கை மேலே மடித்துச் சொல்வார்கள். 'கதவு' என்று பொருள்படும் 'போர்தா'வை 'போழ்தா' என்பது போலச் சொல்வார்கள். நம் ழகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒலி. பெரிய நகரத்துக்காரர்கள் இதை 'பட்டிக்காட்டு ர' என்று கேலி செய்வார்கள். ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தின் 'ர' கிட்டத்தட்ட இதேதான்!

அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, முப்பது வயது இருக்கும், முதல் வகுப்பில் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார். தலைநகர அலுவலகத்தில் அவர் பேச்சைக் கேலி செய்திருக்கிறார்கள். 'போழ்தா' என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். அந்த நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு 'கார்' என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். அப்படியே அமெரிக்கர் சொல்கிற 'கார்' வந்தது. பிறகு அதே நாக்கை வார்த்தையின் தொடக்கத்துக்கு நகர்த்தி 'ரெட்', 'ரோட்', 'ரெய்ன்' என்று போனோம். மற்ற மாணவர்கள் மாதக்கணக்கில் போராடுகிற ஒலியை அவர் இருபது நிமிடத்தில் பிடித்தார். உட்பகுதி மாணவர் வந்தால் இதை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். மற்றவர்களுக்கு நீங்களே 'ழ' சொல்லிக் காட்டுங்கள். தமிழ் ஆசிரியரிடம் இந்த வித்தை ஏற்கெனவே இருக்கிறது.

'ஷிப்', 'ஷீப்' இரண்டும் எனக்கு ஒரே மாதிரி கேட்கிறது. எப்படிச் சொல்லிப் பழகுவது?

சொல்லிப் பழகாதீர்கள், முதலில் கேட்டுப் பழகுங்கள். நமக்குக் குறில் நெடில் பால்குடி மறக்கும் முன்பே வந்துவிடுவதால் இந்தக் கஷ்டம் சட்டென்று புரியாது. போர்த்துகீசியத்தில் குறில் நெடிலால் பொருள் மாறுவதில்லை. காது பிரித்துக் கேட்காததை வாய் பிரித்துச் சொல்லாது. நான் இரண்டு வாரம் வெறும் கேட்கும் பயிற்சிதான் கொடுப்பேன்: நான் ஒன்றைச் சொல்வேன், அவர் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்ட வேண்டும். 'லிவ்' - 'லீவ்', 'ஃபில்' - 'ஃபீல்'. பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகுதான் வாய்.

நீளம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 'ஷிப்'பில் வாய் தளர்வாக இருக்கும், 'ஷீப்'பில் உதடு இழுபடும். 'மேன்' - 'மென்' ஜோடியும் இதே கதைதான். அங்கே தாடையை இறக்கச் சொல்லுங்கள்.

வார்த்தைக் கடைசியில் 'ம்' சொல்லவே முடியவில்லை, மூக்கில் போய்விடுகிறது.

'நல்லது' என்பதற்குப் போர்த்துகீசியத்தில் 'போம்' என்று எழுதி 'போங்' என்பதுபோல் சொல்கிறீர்கள். உதடு மூடுவதே இல்லை. நாமும் 'மரம்', 'பணம்' என்று எழுதிவிட்டுப் பேச்சில் உதட்டை மூடாமல் மூக்கால் முடிக்கிறோம். ஆங்கிலத்தில் 'சம்', 'சன்', 'சங்' மூன்றும் மூன்று வார்த்தைகள். 'ம்' என்றால் உதடு தொட வேண்டும், 'ன்' என்றால் நாக்கு மேலே தொட வேண்டும். நான் கேமரா முன் விரலை உதட்டில் வைத்துக் காட்டுவேன், அது போதும்.

'இஸ் ரெய்னிங்' என்றால் புரிகிறதே, 'இட்' எதற்கு?

போர்த்துகீசியத்தில் வினைச்சொல்லே யார் என்று சொல்லிவிடும், எழுவாயை விட்டுவிடலாம். மழைக்கு எழுவாயே கிடையாது. தமிழிலும் 'நல்லா இருக்கு', 'வர்றேன்' என்றால் முடிந்தது. ஆங்கில வினைச்சொல் வாலெல்லாம் உதிர்ந்து நிற்கிறது, அதைப் பார்த்து யார் என்று தெரியாது. அதனால் முன்னால் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். ஆள் இல்லாவிட்டால் 'இட்' என்று ஒரு பொம்மையையாவது நிறுத்த வேண்டும்.

பிரேசில்காரருக்கு இதில் இன்னொரு வழுக்கல் உண்டு. 'மேசையில் பூனை இருக்கிறது' என்பதை அவர்கள் பேச்சில் 'தேய்ங்' என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு நேர்ப்பொருள் 'வைத்திருக்கிறது'. அதனால் 'ஹேஸ் எ கேட் ஆன் தி டேபிள்' என்று வரும். 'தேர் இஸ்' என்று சொல்ல வேண்டும். வயதும் அப்படித்தான்: போர்த்துகீசியத்தில் வருடங்களை 'வைத்திருப்பார்கள்', ஆகவே 'ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்'. ஆங்கிலத்தில் வயதாகவே 'இருக்க' வேண்டும்: 'ஐ ஆம் ட்வென்டி'. பசிக்கும் தாகத்துக்கும் இதே விதி.

'டிட் யூ ஈட்?' என்று கேட்டால் 'எய்ட்' என்று பதில் சொல்லலாமா?

போர்த்துகீசியத்தில் 'கொமேவ்?' என்றால் 'கொமி'. தமிழில் 'சாப்பிட்டியா?' என்றால் 'சாப்பிட்டேன்'. வினைச்சொல்லையே திருப்பிக் கொடுப்பது நம் இரண்டு பேருக்கும் இயல்பு. ஆங்கிலம் அதை ஏற்காது: 'எஸ், ஐ டிட்'. வெறும் 'எஸ்' முரட்டுத்தனமாகத் தோன்றுகிறது என்று பலர் சொல்கிறார்கள், உண்மைதான், அந்த 'ஐ டிட்' சேர்ந்தால் இதமாகிவிடும். கேள்வியிலும் 'டு' மறக்கக்கூடாது. போர்த்துகீசியத்தில் குரலை உயர்த்தினாலே கேள்வி ஆகிவிடும் என்பதால் 'யூ லைக் காஃபி?' என்று வந்துவிடும். பேச்சில் ஓடும், தேர்வில் ஓடாது.

கதவில் 'புஷ்' என்று போட்டிருந்தது, இழுத்தேன். திறக்கவில்லை. எல்லோருக்கும் இப்படி நடக்குமா?

நடக்கும். 'புஷார்' என்றால் போர்த்துகீசியத்தில் 'இழு'. 'தள்ளு' என்பதற்கு வேறு வார்த்தை. என் மாணவர் ஒருவர் டொராண்டோவில் வேலைக்கான நேர்காணலுக்குப் போய், கண்ணாடிக் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறார். உள்ளே வரவேற்பறையில் இருந்தவர் எழுந்து வந்து திறந்துவிட்டார். 'அந்த வார்த்தை எனக்குத் தெரியும் சீச்சர், பரீட்சையில் கேட்டால் சரியாக எழுதுவேன், கை மட்டும் போர்த்துகீசியத்தில் படித்துவிட்டது' என்று சொன்னார். வேலை கிடைத்துவிட்டது. இப்போதும் ஒவ்வொரு கதவு முன்பும் அரை நொடி நிற்கிறாராம்.

முகம் ஒன்று, பொருள் வேறு என்று இருக்கும் வார்த்தைகள் நிறைய. 'ப்ரெதெந்தேர்' என்றால் எண்ணியிருப்பது, ஆங்கில 'ப்ரிடென்ட்' என்றால் நடிப்பது. 'நான் உங்களைக் கல்யாணம் செய்ய எண்ணியிருக்கிறேன்' என்று சொல்ல நினைத்தவர் எதைச் சொல்லிவிடுவார் என்று பாருங்கள். 'அசிஸ்சிர்' என்றால் படம் பார்ப்பது, உதவுவது அல்ல. 'அத்துவாவ்மெஞ்சி' என்றால் 'தற்போது', ஆங்கில 'ஆக்சுவலி' இல்லை. 'பரெஞ்சிஸ்' என்றால் உறவினர்கள் எல்லோரும், அப்பா அம்மா மட்டும் அல்ல. 'எஸ்கிஸித்து' என்றால் விசித்திரமானது. சமைத்தவரிடம் 'எக்ஸ்க்விசிட்' என்று பாராட்டினால் பிரேசில்காரர் முகம் சுண்டிவிடும். போர்ச்சுகலில் 'கொன்ஸ்திபாது' என்றால் ஜலதோஷம் பிடித்தவர். இதை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் மலச்சிக்கலுக்கு மருந்து வரும்.

'ஷாப்பிங்', 'அவுட்டோர்', 'நோட்புக்' எல்லாம் ஆங்கிலம்தானே? ஏன் புரியவில்லை என்கிறார்கள்?

வார்த்தை ஆங்கிலம், பொருள் பிரேசில். அங்கே 'ஷாப்பிங்' என்றால் வணிக வளாகக் கட்டடம், 'அவுட்டோர்' என்றால் சாலையோர விளம்பரப் பலகை, 'நோட்புக்' என்றால் மடிக்கணினி, 'ஸ்மோக்கிங்' என்றால் கல்யாணத்துக்குப் போடும் கறுப்பு கோட் சூட். நாமும் எந்தக் கம்பெனி இயந்திரத்தில் நகல் எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' என்கிறோம். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இந்த வார்த்தைகளை ஒரு தனிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தையைவிடத் தெரிந்ததாக நினைக்கும் வார்த்தைதான் காலை வாரும்.

'இன்', 'ஆன்', 'அட்' மூன்றுக்கும் எங்களிடம் ஒரே வார்த்தைதான். ஒரு விதி சொல்லுங்கள், மனப்பாடம் செய்துவிடுகிறேன்.

ஒரு விதி இல்லை. உள்ளே என்றால் 'இன்', மேலே ஒட்டியிருந்தால் 'ஆன்', புள்ளி மாதிரி ஒரு இடமோ நேரமோ என்றால் 'அட்' என்று பாதி தூரம் போகலாம். மீதி தூரம் வார்த்தையோடு சேர்த்துப் பழகுவதுதான். 'டிபென்ட் ஆன்', 'மேரீட் டு', 'திங்க் அபவுட்' என்று ஜோடியாகவே நோட்டில் எழுதுங்கள். போர்த்துகீசியத்திலிருந்து நேராக எடுத்தால் 'டிபென்ட் ஆஃப்', 'மேரீட் வித்', 'திங்க் இன்' என்றுதான் வரும்.

ஒரே 'எஸ்பெரார்' எப்படி ஆங்கிலத்தில் மூன்று வார்த்தையாகும்?

பேருந்துக்குக் காத்திருப்பது 'வெய்ட்'. நல்லது நடக்கும் என்று ஆசைப்படுவது 'ஹோப்'. நடக்கும் என்று கணக்குப் போட்டிருப்பது 'எக்ஸ்பெக்ட்'. போர்த்துகீசியத்தில் காத்திருப்பதும் நம்புவதும் ஒரே வார்த்தை. எனக்கு அது அழகாகத் தோன்றும், ஆனால் மின்னஞ்சலில் வம்பு: 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ஆன்ஸர்' என்று எழுதினால் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும். 'கன்யார்' என்ற வார்த்தையும் அப்படித்தான். போட்டியில் வெல்வது, சம்பளம் வாங்குவது, பரிசு கிடைப்பது எல்லாம் அதுவே. 'ஐ வின் டூ தவுசண்ட் பெர் மன்த்' என்று சொன்னவரைப் பார்த்து லாட்டரியா என்று கேட்டார்கள். சம்பளத்துக்கு 'ஏர்ன்' அல்லது 'மேக்'.

'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பதற்கும் எங்கள் 'தென்யு பெர்ஜீது' என்பதற்கும் அமைப்பு ஒன்றுதானே? பிறகு ஏன் பொருள் ஒத்துவரவில்லை?

நோட்டிலேயே கடினமான கேள்வி இதுதான். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் போர்த்துகீசியத்தில் 'தென்யு பெர்ஜீது' என்றால் 'சமீப காலமாகத் தொலைத்துக்கொண்டே இருக்கிறேன்'. ஒரே ஒரு தடவை தொலைந்த சாவிக்கு அதைச் சொல்ல முடியாது, வெறும் இறந்தகாலம் போதும். ஆங்கிலத்தில் 'ஹேவ் லாஸ்ட்' என்றால் சாவி தொலைந்தது, இன்னும் கிடைக்கவில்லை, இதோ வாசலில் நிற்கிறேன். நான் மேசை மேல் ஒரு சாவியை வைத்துப் பாடம் எடுப்பேன். சாவியை மறைத்தால் 'ஹேவ் லாஸ்ட்'. திரும்ப எடுத்துக் காட்டினால் 'லாஸ்ட் இட், பட் ஃபவுண்ட் இட்'. இப்போதைய நிலைமைக்கும் அந்தச் செயலுக்கும் கயிறு கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன்.

அடுத்த படி 'சின்ஸ்'. '2015இலிருந்து இங்கே குடியிருக்கிறேன்' என்பதைப் போர்த்துகீசியம் நிகழ்காலத்தில் சொல்லும், தமிழும் நிகழ்காலத்தில்தான் சொல்லும். அதனால் 'ஐ லிவ் ஹியர் சின்ஸ் 2015' என்பது ஆசிரியருக்கே தப்பாகப் படாமல் போகலாம், கவனம். 'ஐ ஹேவ் லிவ்ட்' என்று வர வேண்டும்.

என் மாணவர் 'மரியா அண்ட் ஹிஸ் ஹஸ்பண்ட்' என்கிறார். ஆண் பெண் வித்தியாசம் போர்த்துகீசியத்தில் இருக்கிறதே, ஏன் குழப்பம்?

இருப்பதால்தான் குழப்பம். போர்த்துகீசியத்தில் 'செவ்', 'சுவா' என்பவை உடையவரைப் பார்த்து மாறுவதில்லை, உடைமையைப் பார்த்து மாறும். கணவன் ஆண் என்பதால் ஆண்பால் வடிவம் வருகிறது, அதை மாணவர் 'ஹிஸ்' ஆக்குகிறார். நமக்கு 'அவனுடைய', 'அவளுடைய' என்று ஆங்கிலம் போலவே இருப்பதால் இந்தப் பிழை எங்கிருந்து முளைக்கிறது என்றே தெரியாது. பிரேசிலில் 'செவ்' என்பது 'உங்களுடைய' என்றும் ஆகும் என்பதால், தெளிவுக்காக அவர்களே பேச்சில் 'தேலி', 'தெலா' என்று பின்னால் சேர்ப்பார்கள். முந்தையது 'அவனுடைய', பிந்தையது 'அவளுடைய'. அந்த இரண்டையும் நினைக்கச் சொல்லுங்கள், 'ஹிஸ்', 'ஹெர்' தானாக விழும்.

எண்களில் என்ன இருக்கிறது? எண் எல்லா மொழியிலும் எண்தானே?

புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். அங்கே 2.500 என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு, 2,5 என்றால் இரண்டரை. ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்த ஒரு மாணவர் விலைப்பட்டியலில் 2.500 டாலர் என்று அனுப்பி, வாங்குகிறவர் இரண்டரை டாலர் என்று படித்து, ஒரு நாள் முழுக்க மின்னஞ்சல் பறந்தது. அப்புறம் 'பில்லியன்': பிரேசிலில் அது நமக்கு 100 கோடி, ஆங்கிலத்திலும் அதே. போர்ச்சுகலில் அதே போலிருக்கும் வார்த்தை ஒரு லட்சம் கோடி. போர்ச்சுகல் மாணவர் கணக்கு வேலையில் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிழமைகளும் எண்தான். திங்கள் அவர்களுக்கு 'இரண்டாவது', வெள்ளி 'ஆறாவது'. ஆங்கிலக் கிழமையைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணுவார்கள், பொறுமையாக இருங்கள்.

நீங்கள் இந்தியர். உங்களிடம் படித்தால் எனக்கு இந்திய உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளாதா?

நேராகக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். வாரத்தில் இரண்டு மணி நேரம் என் குரல் கேட்பதால் ஒட்டாது, உங்கள் உச்சரிப்பு உங்கள் போர்த்துகீசியத்திலிருந்துதான் வரும். என் ஆங்கிலத்தில் எது தமிழ் என்பதை நானே சொல்லிவிடுவேன். 'திங்க்' என்பதில் நான் பல்லைத் தொட்டுத் 'த' சொல்கிறேன். நீங்கள் 'ஃபிங்க்' அல்லது 'சிங்க்' என்கிறீர்கள். நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்து ஊதச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே பழகுகிறோம். டொராண்டோக்காரர், லண்டன்காரர், லாகோஸ்காரர் பேசும் பதிவுகளையும் ஒவ்வொரு வாரமும் கேட்கக் கொடுக்கிறேன், ஏனென்றால் நீங்கள் வேலையில் சந்திக்கப்போவது எல்லோரையும்தான்.

கூச்சம் போக, முதல் வகுப்பில் இன்னொன்று செய்வேன். 'உங்கள் அறையில் இருப்பதைப் போர்த்துகீசியத்தில் சொல்லுங்கள், நான் தமிழில் சொல்கிறேன்' என்பேன். அவர் 'ஜனெலா' என்பார், நான் 'ஜன்னல்'. அவர் 'மேஸா', நான் 'மேசை'. 'அர்மாரியு', 'அலமாரி'. 'ஷாவி', 'சாவி'. அதற்குள் கேமராவுக்குப் பக்கத்தில் வந்திருப்பார். ஐந்நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை என்று சொல்வேன். நாங்களும் சும்மா அனுப்பவில்லை, 'மாங்காய்' உங்களிடம் 'மங்கா' ஆகி ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது, 'தேக்கு' 'தெக்கா' ஆகி 'டீக்' ஆனது என்பேன். உடனே அடுத்த சாமானைத் தேட ஆரம்பிப்பார். ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கே போய், 'வரந்தா, சீச்சர், வரந்தா!' என்று கத்தினார்.